முட்டி மாற்று அறுவைக்குப் பின்: வாட்ச், பேண்ட், சென்சார் – எதை வாங்கலாம், எதை விடலாம்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பிள்ளைகள் முதலில் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு ஸ்மார்ட் வாட்ச்தான். வெளியூரில் இருந்துகொண்டு 'இன்றைக்கு எத்தனை ஸ்டெப் நடந்தார்கள்' என்று பார்க்க வசதி என்பதால் வாங்குகிறார்கள். ஆனால் முதல் ஆறு வாரத்தில் தினமும் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, எவ்வளவு தூரம் நிமிர்கிறது. மணிக்கட்டில் கட்டும் எந்த வாட்சும் இந்த இரண்டையும் சொல்லாது. அது சொல்லும் ஸ்டெப் கணக்கும் வாக்கர் பிடித்து நடக்கும் வரை தப்பாகவே இருக்கும்.

இதற்காக வாட்ச், பேண்ட் (அடி எண்ணும் பட்டைக் கருவி) எல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. எந்த வாரத்தில் எது உபயோகப்படும், உடம்பில் எங்கே கட்ட வேண்டும், அது காட்டும் எண்ணில் எதை நம்பலாம் என்று தெரிந்து வாங்கினால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. சந்தையில் உள்ளவற்றை வகைவகையாக எடுத்துப் பார்ப்போம்.

ஸ்டெப் எண்ணும் பேண்ட்

மணிக்கட்டு பேண்ட் கை வீச்சை வைத்துத்தான் அடிகளை எண்ணுகிறது. வாக்கர் பிடித்தவரின் இரண்டு கையும் கைப்பிடியில் அசையாமல் இருக்கும். அதனால் கூடத்தைச் சுற்றி நூறு அடி நடந்தாலும் பேண்டில் பத்தோ இருபதோதான் ஏறும். சில நேரம் ஒன்றுமே ஏறாது. ஊன்றுகோலுக்கு மாறிய பிறகும் நடை மெதுவாகவும் காலைத் தேய்த்தும் இருப்பதால் கணக்கு குறைந்தே வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. தற்செயலான கை அசைவை நடை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, பல கருவிகள் தொடர்ந்து சில அடிகள் வைத்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்கும். ஆம்ரான் நிறுவனத்தின் பாக்கெட் பெடோமீட்டர்களில் நடக்க ஆரம்பித்த முதல் 4 விநாடிக்குத் திரையில் எண் நகராது. அதற்குள் நின்றுவிட்டால் அந்த அடிகள் கணக்கில் சேராது. அறுவைக்குப் பிந்தைய முதல் வார நடையே இப்படித்தான் இருக்கும்: கட்டிலிலிருந்து ஏழெட்டு அடி, நிலைப்படியில் நின்று வாக்கரைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது, மறுபடி நாலு அடி, பாத்ரூம். ஒரு நாளைக்கு இப்படிப் பத்து தடவை போய் வந்தாலும் கருவிக்கு அவர் உட்கார்ந்தே இருந்ததாகத்தான் தெரியும். அதே ஆள் உட்கார்ந்து காய் நறுக்கினால் சில ஸ்டெப் ஏறியிருக்கும்.

பேண்டைக் கணுக்காலுக்கு மாற்றினால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். அறுவை செய்யாத காலில் கட்டுங்கள். அறுவை செய்த கால் காலையும் மாலையும் வேறு வேறு பருமனில் இருக்கும். காலையில் சரியாக இருந்த பட்டை சாயங்காலம் தோலில் பதிந்து தடம் போட்டுவிடும். காலுறைக்கு மேல் கட்டினாலும் பரவாயில்லை, அடி எண்ணுவதற்கு அது போதும்; இதயத்துடிப்பு மட்டும் வராது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தினமும் ராத்திரி பட்டையைக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அன்றோடு கணுக்காலில் கட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

கட்டியதும் ஒரு சோதனை. கூடத்தில் நிற்காமல் 50 அடி நடக்கச் சொல்லி, கூட இருப்பவர் வாய்விட்டு எண்ணட்டும். பேண்டில் 50 பக்கம் ஏறினால் நல்லது. 25 பக்கம் காட்டினால் அது ஒரு காலை மட்டும் எண்ணுகிறது. தினமும் வரும் எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்று தடவை நடந்தும் மூன்று விதமாக வந்தால் கட்டிய இடம் சரியில்லை என்று அர்த்தம். கணுக்கால் எலும்புக்கு மேலே ஏற்றிக் கட்டி மறுபடி பாருங்கள். வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கும், ஊன்றுகோலிலிருந்து வெறும் நடைக்கும் மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் நடையே மாறிவிடுகிறது.

கணுக்கால் பிடிக்காதவர்களுக்கு இடுப்பு க்ளிப். ஃபிட்பிட் இன்ஸ்பயர் 3 போன்ற சின்ன பேண்டுக்குத் தனியாக க்ளிப் கிடைக்கிறது. க்ளிப்பில் மாட்டியதும் ஆப்பில் போய் மணிக்கட்டு என்பதை க்ளிப் என்று மாற்ற வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். க்ளிப்பில் இருக்கும்போது இதயத்துடிப்பு பதிவாகாது. நைட்டி போடுகிற அம்மாக்களுக்கு மாட்ட இடம் இருக்காது; உள்பாவாடையின் நாடாவில் மாட்டலாம். வேட்டி, லுங்கி என்றால் மடிப்பில் செருகினால் நழுவிவிடும், மேலே ஒரு பெல்ட் போட்டு அதில் மாட்டுங்கள்.

ஆப்பில் முதல் வேலையாக 10,000 ஸ்டெப் இலக்கை எடுத்துவிட வேண்டும். அந்த எண் மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரிலிருந்து பரவியது. புது மூட்டு வைத்தவருக்கு அது சம்பந்தமே இல்லாத எண். 'நேற்றைவிட இன்றைக்குக் கூட நடக்க வேண்டும்' என்று தினமும் ஏற்றிக்கொண்டே போனால் என்ன நடக்கும் என்பது பிசியோதெரபிஸ்டுகளுக்கு நன்றாகத் தெரியும்: நாலாவது நாள் முட்டி வீங்கும், வீங்கிய முட்டி மடங்காது, தொடைத் தசையும் சரியாக இறுகாது. ஒரு வாரத்து உழைப்பு பின்னால் போய்விடும்.

ஸ்டெப் எண்ணை உச்சவரம்பாக வைத்துக்கொள்வதே சரியான உபயோகம். ஒரு தையல் டேப் எடுத்து, முட்டிச் சில்லின் நடுவில் சுற்றளவைக் காலையில் எழுந்ததும் ஒரு தடவையும் ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவையும் அளந்து எழுதுங்கள். டேப் வைக்கும் இடத்தைச் சில்லின் இரண்டு பக்கமும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவு தினமும் நகரும். நடந்த பிறகு சாயங்காலம் கொஞ்சம் வீங்குவது சகஜம். காலையில் அது பழைய அளவுக்கு இறங்கியிருந்தால் நேற்றைய ஸ்டெப் கணக்கு தாங்கும் கணக்கு. மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். இறங்கவில்லை என்றால் அன்றைக்கு நடையைக் குறைத்து, ஐஸ் வைத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள். பேண்டும் டேப்பும் சேர்ந்தால்தான் இந்த முடிவை எடுக்க முடியும். பேண்ட் மட்டும் இருந்தால் முடியாது.

மணிநேரத்துக்கு ஒரு தடவை 'எழுந்திரு' என்று அதிரும் வசதி உண்மையிலேயே நல்லது. ரொம்ப நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் முட்டி விறைக்கும், காலில் ரத்தம் உறையும் அபாயமும் உண்டு. ஆனால் ஃபிட்பிட்டில் இது மணிக்கு 250 ஸ்டெப் என்ற கணக்கில் ஓடுகிறது. வாக்கர் நடை பதிவாகாததால், நடந்து முடித்து வந்து உட்கார்ந்தவரையும் அது எழுப்பும். முதல் மாதம் அந்த வசதியை அணைத்துவிட்டு, சாதாரண அதிர்வு அலாரமாக ஐந்தாறு நேரம் வைத்துக்கொள்வது மேல். காலை 8, 11, மதியம் 2, மாலை 5, இரவு 8 என்று உடற்பயிற்சி நேரத்துக்கே அலாரம் வைத்தால் மறக்காது.

தூக்க மதிப்பெண்ணை அணைத்துவிடுங்கள். அறுவைக்குப் பிறகு பல வாரம் தூக்கம் கெட்டுத்தான் இருக்கும்; தினமும் காலையில் '48' என்று ஒரு மதிப்பெண் பார்ப்பதால் கவலைதான் கூடும்.

ஆப்பிள் வாட்சும் ஐபோனும்

வாக்கரை விட்ட பிறகு இந்த ஜோடி நன்றாக வேலை செய்கிறது. அதுவரை இதன் நடை அளவீடுகளை ஒதுக்கி வைக்கலாம். நடையின் தரத்தை அளப்பது வாட்ச் அல்ல, போன் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐபோன் 8 அல்லது அதற்குப் பிந்தையது, ஐஓஎஸ் 14 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஹெல்த் ஆப்பில் நடை வேகம், அடி நீளம், இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் தரையில் இருக்கும் நேரத்தின் சதவீதம், இரண்டு காலுக்கும் உள்ள நேர வித்தியாசம் ஆகிய நாலும் தானாகவே பதிவாகும். போன் இடுப்பை ஒட்டி இருக்க வேண்டும், சமதளத்தில் சீராக நடக்க வேண்டும் என்பவை இதற்கு நிபந்தனைகள். கையில் பிடித்தாலோ தோள் பையில் போட்டாலோ எண் வராது அல்லது தப்பாக வரும். பாக்கெட் இல்லாத உடை என்றால் இடுப்பில் கட்டும் சின்னப் பை ஒன்று கட்டாயம். ஹெல்த் ஆப்பில் உயரத்தைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அடி நீளத்துக்கும் வேகத்துக்கும் அந்த உயரம்தான் அடிப்படை.

நாலில் முட்டி மாற்று செய்தவர்கள் பார்க்க வேண்டியது கடைசி இரண்டு. இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரம் சாதாரணமாக 20-இலிருந்து 40 சதவீதத்துக்குள் இருக்கும். புதுக் காலை நம்பி எடை போடத் தயங்கினால் அது கூடும். நேர வித்தியாசம் பூஜ்யத்தை நோக்கி இறங்க வேண்டும். அது இறங்காமல் நின்றால் நொண்டல் பழகிப்போகிறது என்று பொருள். ஆறாவது வாரத்துக்கு மேல் வலி குறைந்தும் நொண்டல் போகாதவர்களுக்குத் தொடைத் தசை பலவீனம்தான் பெரும்பாலும் காரணம். நடை வேகம் மட்டும் கூடி இந்த வித்தியாசம் அப்படியே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், நல்ல கால் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறது. இந்த வரைபடத்தைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அவர் கண்ணால் ஐந்து நிமிடம் பார்ப்பதோடு ஒரு மாதத்து நடையும் சேர்ந்து கிடைக்கும்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரத்து எண்கள் கையில் இருந்தால் இதெல்லாம் பல மடங்கு உபயோகம். வாங்குவதாக இருந்தால் அறுவைத் தேதிக்கு முன்னாலேயே வாங்கிக் கட்டிவிடுங்கள். பழைய வலியோடு நடந்த நடையே ஒப்பிடுவதற்கான அளவுகோல்.

வாட்ச் தரும் பெரிய பாதுகாப்பு, விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி. சீரிஸ் 4 முதல் உண்டு. எஸ்இ மாடலிலும் உண்டு. ஆரம்பத்தில் அமைக்கும்போது வயது 55-க்கு மேல் என்று கொடுத்தால் அது தானாகவே ஆன் ஆகும். பிள்ளைகள் தங்கள் பிறந்த தேதியைப் போட்டு அமைத்துக் கொடுத்தால் ஆன் ஆகாது! விழுந்தவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் அதுவே அவசர எண்ணை அழைத்து, பதிந்து வைத்த உறவினருக்கும் செய்தி அனுப்பும். செல்லுலார் (வாட்சுக்கே தனி மொபைல் இணைப்பு) இல்லாத மாடல் என்றால் போன் பக்கத்தில் இருந்தால்தான் அழைப்பு போகும். நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்து தரையில் உட்காருவது போன்ற விழுகையை இது பெரும்பாலும் பிடிக்காது. பலத்த அதிர்ச்சி வேண்டும்.

இதில் வீடுகளில் நடக்கும் தவறு சார்ஜ் போடும் நேரம். சாதாரண மாடல்களில் பேட்டரி ஒரு நாள் பக்கம்தான் தாங்கும் என்பதால் தினமும் சார்ஜ் வேண்டும். குளிக்கப் போகும்போது கழற்றி சார்ஜில் போடுவார்கள், இல்லாவிட்டால் ராத்திரி படுக்கும்போது. வழுக்கி விழும் வாய்ப்பு அதிகமுள்ள இரண்டு நேரமும் அதுதான்: ஈரத் தரை, தூக்கக் கலக்கத்தில் பாத்ரூம். வாட்ச் தண்ணீரைத் தாங்கும். குளிக்கும்போதும் கையிலேயே இருக்கட்டும். சாயங்காலம் ஐஸ் வைத்துக் காலை நீட்டிப் படுத்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: ஐஓஎஸ் 15 முதல் ஹெல்த் ஆப்பின் தகவலைக் குடும்பத்தாரோடு பகிரலாம். இரண்டு பக்கமும் ஐபோன் வேண்டும். நடை வேகம், நேர வித்தியாசம், ஓய்வு நேர இதயத்துடிப்பு என்று மூன்றை மட்டும் பகிருங்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் சிங்கப்பூரிலிருந்து தினமும் நாலு போன் வரும், அம்மா வாட்சைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுவார்.

செயற்கை மூட்டு தயாரிக்கும் ஜிம்மர் பயோமெட் நிறுவனம் ஆப்பிளோடு சேர்ந்து 2018-இல் அறிவித்த 'மைமொபிலிட்டி' என்ற ஆப் தனி ரகம். சர்ஜனின் கிளினிக் பதிந்துகொடுத்தால்தான் அது திறக்கும். நாமாகத் தரவிறக்கி உபயோகிக்க முடியாது. உடற்பயிற்சி வீடியோ, நினைவூட்டல், நடைத் தகவல் எல்லாம் சர்ஜனின் குழுவுக்கே போகும். இதை வைத்து அமெரிக்காவில் நடந்து 2021-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான பிசியோதெரபி முறையில் போனவர்களுக்கு நிகரான மீட்சி 90 நாளில் கிடைத்தது. ஆப்புக்குப் பின்னால் அந்தத் தகவலைப் பார்க்கும் ஒரு மருத்துவக் குழு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. குழு இல்லாத வெறும் ஆப்புக்கு அந்த முடிவு பொருந்தாது.

கோணம் அளக்கும் சென்சார்

இதுதான் முட்டிக்கென்றே உள்ள கருவி. தொடையில் ஒரு பட்டை, கணைக்காலில் ஒரு பட்டை; இரண்டிலும் சாய்வை உணரும் மின்னணுச் சில்லு (சிப்). இரண்டு சாய்வின் வித்தியாசத்தை ஆப் கோணமாகக் காட்டும்.

கோணத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், சமதளத்தில் நடக்கவே முட்டி 65–70 டிகிரி மடங்க வேண்டும். மாடிப்படி ஏற 85 பக்கம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 90-ஐத் தாண்ட வேண்டும். சம்மணம் போடவும் குந்தவும் 120-க்கு மேல் வேண்டும். அதைப் பெரும்பாலான சர்ஜன்கள் ஊக்குவிப்பதில்லை. இரண்டு வாரத்தில் 90-ஐ ஒட்டி வருவதும் ஆறு வாரத்தில் 110 பக்கம் நெருங்குவதும் பொதுவான எதிர்பார்ப்பு. அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியதோ அதைப் பொறுத்து இது மாறும். உள்ளே தழும்புத் திசு இறுகுவதற்குள் கோணத்தை வாங்கிவிட வேண்டும். ஆறு வாரத்தில் 90-கூட வரவில்லை என்றால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடுவதைப் பற்றி சர்ஜன் யோசிப்பார். அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். அதனால் மூன்றாவது வாரமே 'இரண்டு நாளாக 78-லேயே நிற்கிறது' என்று தெரிவது பெரிய விஷயம்.

கருவி தப்புக் காட்டும் இடங்களைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். ஆரம்பத்தில் காலை நீட்டச் சொல்லி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். முட்டி முழுதாக நிமிராமல் 7 டிகிரி மடங்கியே இருப்பவருக்கு அந்த 7 டிகிரி பூஜ்யமாகிவிடும். அன்றிலிருந்து 'நிமிர்வு 0' என்று நல்ல செய்தியாகவே வரும், மடக்கமும் 7 குறைந்தே வரும். நிமிராத முட்டிதான் பின்னால் நொண்டலுக்கும் தொடை வலிக்கும் காரணம். அதையே கருவி மறைத்துவிடுகிறது. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் கோணம் அளக்கும் பிளாஸ்டிக் கோனியோமீட்டரால் அளந்து, அந்த எண்ணைக் கருவியில் போட வழி இருக்கிறதா என்று வாங்கும் முன் கேளுங்கள். வழி இல்லையென்றால், நல்ல காலில் கட்டி நிமிர்த்தி பூஜ்யம் எடுக்க முடியுமா என்றாவது பாருங்கள்.

அடுத்து, பட்டை நழுவுவது. தொடை மேலே பெருத்துக் கீழே குறுகும் வடிவம். வியர்வையில் பட்டை கீழே இறங்கும், திரும்பி நிற்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அரை மணிநேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்காது. ஒட்டும் வகை சென்சார் என்றால் தையல் பிரிக்கும் வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், காயத்துக்குப் பக்கத்தில் எதையும் ஒட்டக் கூடாது. பிளாஸ்டர் அரிப்பு உள்ளவர்கள் அந்த வகையையே விட்டுவிடலாம். திசைகாட்டிச் சில்லையும் சேர்த்து உபயோகிக்கும் மாடல்கள் இரும்புக் கட்டில் பக்கத்தில் தடுமாறும். மரக் கட்டிலிலோ கூடத்தில் நாற்காலியிலோ அளந்து பாருங்கள், எண் மாறினால் கட்டில்தான் காரணம்.

தினமும் நாள் முழுக்கக் கோணம் பதிய வேண்டிய அவசியம் வீட்டு நோயாளிக்கு இல்லை என்பது நம் கணிப்பு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை சரியாக அளந்தால் போதும், அதற்குக் கையில் இருக்கும் போனே போதும். ஐபோனில் 'மெஷர்' ஆப்புக்குள் மட்டம் பார்க்கும் பகுதி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மட்டம் பார்க்கும் இலவச ஆப்கள் நிறைய.

அளக்கும் முறை இது. மல்லாந்து படுத்து, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி பிட்டத்தை நோக்கி இழுக்க வேண்டும். முடிந்தவரை இழுத்து நிறுத்தியதும், கூட இருப்பவர் போனின் நீண்ட ஓரத்தைத் தொடையின் மேல்புறத்தில், முட்டிச் சில்லுக்கு ஒரு சாண் மேலே வைத்துப் படுக்கையோடு உள்ள சாய்வைப் படிக்க வேண்டும். பிறகு அதே ஓரத்தைக் கணைக்கால் எலும்பின் முன்விளிம்பில், முட்டிக்கு ஒரு சாண் கீழே வைத்துப் படிக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் முட்டி மடங்கிய கோணம். தொடை 48, கணைக்கால் 44 என்றால் 92 டிகிரி. போன் வைக்கும் இரண்டு இடத்தையும் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்; குளித்தால் அழியும், மறுபடி குறியுங்கள். வலி மாத்திரை போட்டு அரை மணிநேரம் கழித்து, பத்து தடவை குதிகாலை இழுத்துப் பழக்கிய பிறகு, தினமும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். காலை எழுந்ததும் அளந்தால் விறைப்பில் பத்து டிகிரி குறைந்துகூட வரலாம், வீணாக மனசு ஒடியும்.

நாற்காலியில் உட்கார்ந்து அளப்பதில் ஒரு ஏமாற்று உண்டு. பாதத்தைப் பின்னால் இழுக்கும்போது அந்தப் பக்க இடுப்பைத் தூக்குவார்கள், தெரிந்து செய்வதில்லை. கணைக்கால் நன்றாகப் பின்னால் போனது போலத் தோன்றும், முட்டி மடங்கியிருக்காது. இடுப்பு இரண்டும் சமமாக அழுந்தியிருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும்.

நிமிர்வுக்குப் போன்கூட வேண்டாம். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து ஐந்து நிமிடம் காலைத் தளரவிட்டு, பிறகு துண்டை எடுத்துவிட்டு முட்டியைப் படுக்கையில் அழுத்தச் சொல்லுங்கள். முட்டிக்குப் பின்னால் எத்தனை விரல் நுழைகிறது என்று எழுதுங்கள். விரல் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். இதம் என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறவர்களுக்கு அது குறையாது. அந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே நிறுத்திவிடுங்கள். தூக்கி வைக்க வேண்டும் என்றால் தலையணை கணுக்காலுக்கு அடியில்தான்.

எந்த முறையில் அளந்தாலும் ஐந்து டிகிரிக்குள் வரும் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் கிடையாது. 92, 89, 93 எல்லாம் ஒரே எண். ஒரு வாரத்துச் சராசரி ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

தசைக்கு மின்தூண்டல்

அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் தொடையின் முன்தசை தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். மூளையிலிருந்து கட்டளை சரியாகப் போகாததே இதில் பெரும்பங்கு. அதனால் மின்சாரம் மூலம் தசையைச் சுருங்க வைக்கும் என்.எம்.இ.எஸ். கருவிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்க பிசியோதெரபி சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கிறது. காலைத் தானாக மடக்கி நீட்டும் சி.பி.எம். இயந்திரத்தைச் சிக்கல் இல்லாத நோயாளிகளுக்கு வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். வாடகைக்கு சி.பி.எம். எடுக்க நினைப்பவர்கள் அந்தப் பணத்தை இதில் போடலாம்.

கடையில் ஏமாறும் இடம் இது: வலிக்கு வைக்கும் டென்ஸ் கருவியையே 'தசைக்கும் ஆகும்' என்று கொடுத்துவிடுவார்கள். டென்ஸ் தோலில் கூச்சம் கொடுக்கும், தசையை இறுக்காது. பெட்டியில் பார்க்க வேண்டியவை: 50 ஹெர்ட்ஸ் வைக்க முடிகிறதா, 250 மைக்ரோ விநாடி துடிப்பு அகலம் (ஒரு மின்துடிப்பு நீடிக்கும் நேரம்) உண்டா, இறுகும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் தனித்தனியே அமைக்கலாமா. 2012-இல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில் இந்த அளவுகளில்தான் செய்தார்கள்: 15 விநாடி இறுக்கம், 45 விநாடி ஓய்வு, ஒரு வேளைக்கு 15 சுருக்கம், நாளைக்கு இரண்டு வேளை, அறுவைக்கு 48 மணிநேரம் கழித்து ஆரம்பித்து ஆறு வாரம். தாங்க முடிகிற உச்ச அளவுக்கு மின்சாரத்தை ஏற்றினால்தான் பலன். தசை கண்ணுக்குத் தெரியக் கட்டியாக எழும்ப வேண்டும். லேசாகத் துடித்தால் நேரம் வீண்.

ஒட்டும் பட்டை பெரிதாக இருக்க வேண்டும். சின்ன வட்டப் பட்டையில் மின்சாரம் ஒரே இடத்தில் குவிந்து சுரீர் என்று குத்தும், அளவை ஏற்ற விடமாட்டார்கள். ஒன்று தொடையின் மேல் வெளிப்புறம், மற்றொன்று முட்டிக்கு மேல் உட்புறம், காயத்திலிருந்து தள்ளி. தோலில் எண்ணெயோ தைலமோ இருந்தால் ஒட்டாது, ஓரம் தூக்கிக்கொண்டு அங்கேதான் சுரீரென்று குத்தும். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவாத கால் அபூர்வம். சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகே ஒட்டுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைத் தொடவே கூடாது. முதல் இரண்டு வேளை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கட்டும்.

மற்றவை சுருக்கமாக

கெண்டைக்காலைக் காற்றால் அழுத்தும் சின்ன பேட்டரி பம்ப், ரத்தம் உறையாமல் இருக்க. சர்ஜன் எழுதிக் கொடுத்தால் மட்டும். ஏற்கெனவே காலில் ரத்தக்கட்டி இருந்தாலோ காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ ஆபத்து. நாளில் பெரும்பகுதி கட்டியிருந்தால்தான் பிரயோசனம். நம் ஊர் வெக்கையில் மூன்றாவது நாள் கழற்றிவிடுவார்கள். குழாய் உள்ள மாடலோடு எழுந்து நடக்கக் கூடாது, தடுக்கும்.

மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்த 'பெர்சோனா ஐக்யூ' என்ற மூட்டுக்கு 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கணைக்கால் எலும்புக்குள் போகும் தண்டில் சில்லும் பேட்டரியும் உள்ளன. ஸ்டெப், நடை வேகம், அடி நீளம், முட்டி அசையும் கோணம் ஆகியவற்றைப் பதிந்து, கட்டில் பக்கத்தில் வைத்த பெட்டி வழியே அனுப்பும். கழற்ற வேண்டாம், மறக்காது, நழுவாது. ஆனால் தொற்று வந்ததையோ மூட்டு தளர்ந்ததையோ அது கண்டுபிடித்துச் சொல்லாது. அது தரும் எண்களில் பெரும்பாலானவை வெளியே கட்டும் கருவியிலும் கிடைக்கின்றன. இதற்காக சர்ஜனை மாற்ற வேண்டாம்.

எந்தக் கருவியும் சொல்லாதவை

காலில் ரத்தக்கட்டியை எந்த வாட்சும் கண்டுபிடிக்காது. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, அழுத்தினால் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108. வாட்சில் ஆக்சிஜன் 96 என்று காட்டுகிறதே என்று காத்திருக்கக் கூடாது. ஒளியால் ஆக்சிஜன் அளக்கும் கருவிகள் கருத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும்.

ஓய்வு நேர இதயத்துடிப்பு அறுவைக்குப் பின் கொஞ்சம் கூடி, வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். இறங்கிக்கொண்டிருந்தது இரண்டு நாளாகத் திரும்ப ஏறினால் காய்ச்சல் பாருங்கள், காயத்தில் கசிவு பாருங்கள். அடினோலால், மெட்டோப்ரோலால் மாதிரி இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் கோளாறு இருந்தாலும் துடிப்பு ஏறாமல் இருக்கலாம். அவர்களுக்கு இந்த எண்ணை நம்ப முடியாது. முட்டிச் சூடு சில மாதம் இருக்கும், அது இயல்பு. சூட்டோடு சிவப்பும் சீழும் காய்ச்சலும் சேர்ந்தால்தான் அவசரம்.

வாங்கும்போது

எல்லாவற்றுக்கும் பணம் செலவழிக்க முடியாது என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் தையல் டேப்பும் போனில் மட்ட ஆப்பும், செலவு இல்லை. அடுத்து பிசியோதெரபிஸ்ட் சொன்னால் என்.எம்.இ.எஸ்., வாடகைக்குக் கிடைத்தால் ஆறு வாரத்துக்கு எடுத்தாலே போதும். மூன்றாவது, கணுக்காலில் கட்ட நீளப் பட்டை உள்ள சாதாரண பேண்ட். பெட்டியில் வரும் பட்டை மணிக்கட்டு அளவுக்குத்தான் இருக்கும், நீளமானதைத் தனியாகக் கேளுங்கள். தனியாக வசிப்பவர், ஏற்கெனவே விழுந்தவர் என்றால் விழுவதைக் கண்டுபிடிக்கும் வாட்சை முதலிடத்துக்குக் கொண்டுவரலாம்.

எண்களை ஆப்பில் விட்டுவைக்காமல் சமையலறை காலண்டரின் அன்றைய தாளில் எழுதுங்கள்: மடக்கம், விரல், காலைச் சுற்றளவு, இரவுச் சுற்றளவு, ஸ்டெப். சர்ஜனைப் பார்க்கப் போகும்போது தாள்களைக் கிழித்து எடுத்துப் போகலாம். ஆங்கில ஆப்பைத் திறந்து தேடுவதற்குள் முடிந்துவிடும் ஐந்து நிமிடச் சந்திப்பில் அதுதான் படிக்கப்படும்.

என்.எம்.இ.எஸ். கருவியை வாடகைக்கு எடுத்தாலும் ஒட்டும் பட்டையைப் புதிதாகவே வாங்குங்கள். ஒருவர் ஒட்டியதை இன்னொருவர் ஒட்டக் கூடாது. உபயோகித்ததும் அதன் பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டி மூடி வைத்தால் பசை காயாது. ஓரம் தூக்க ஆரம்பித்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி ஒன்றிரண்டு நாள் ஓட்டலாம், அதற்கு மேல் மாற்றிவிட வேண்டும்.